பத்து வருஷ பேட்டரி

ஏப்ரல் 11

மாடியில் சோலார் போடப் போகிறோமாம். இவர் என்னைக் கேட்கவில்லை, சொன்னார். இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே, "நம்ம வீட்டுக்கு சோலார் போட்டுரலாம்னு இருக்கேன்" என்றார். கரண்ட் பில் ஏறிக்கொண்டே போகிறதாம்.

இவர் என்றால் என் கணவர் சௌந்தரபாண்டியன். கோவில்பட்டி மெயின் ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மிக்ஸி வாங்க என்னைக் கடை கடையாக ஏற்றி இறக்கி, கடைசியில் "அடுத்த தீபாவளிக்குப் பார்ப்போம்" என்று வெறுங்கையோடு கூட்டி வந்தவர். அப்படிப்பட்டவர் ஒரு காலைச் சாப்பாட்டுக்குள் இவ்வளவு பெரிய முடிவை எடுத்தது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

நான் பத்திரம் எழுதுகிறவள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் எனக்கு ஒரு சிறிய அறை உண்டு. மாசி மாதம் நிமோனியா வந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்ததிலிருந்து அதைத் திறக்கவில்லை. என்னோடு ஓர் ஆக்சிஜன் மெஷினும் வீட்டுக்கு வந்தது. சக்கரம் வைத்த பெட்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டு நிற்கிறது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக என் மூக்குக்கு அனுப்புகிறது. மூன்று மாதத்துக்குத்தான், நெஞ்சுச் சளி காய்ந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதாக இவர் சொன்னார். மே முடிந்தால் மெஷின் போய்விடும். அதுவரை சும்மா இருக்கும் கைக்கு இந்த டைரி.

ஏப்ரல் 12

பெங்களூரில் இருக்கும் மகள் வினோதாவிடம் சோலார் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

"நல்லதுதானம்மா. அன்னைக்கு மாதிரி ஆயிரக் கூடாதுல்ல?"

"பில்லுக்காகப் போடுறார்டி."

"ஆமாமா, பில்லுக்காகவும்தான்."

அன்றைக்கு என்று அவள் சொன்னது போன வாரம் நடந்தது. மாதாந்திர பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலை வரை கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் இருக்கும் பழைய இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் மெஷினை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கத்திக் கத்தி அடங்கியது. அப்புறம் அவசரத்துக்கு வாங்கி வைத்த ஆக்சிஜன் சிலிண்டர். சிலிண்டரிலும் பாதிதான் இருந்திருக்கிறது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, லேசான மயக்கம். அவ்வளவுதான். இவர்தான் இன்னொரு சிலிண்டர் தேடி, செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடியிருக்கிறார். பக்கத்து வீட்டுக் கமலவேணி சொன்னாள். புழுக்கத்தில் எல்லோருக்கும்தான் மயக்கம் வரும்.

ஏப்ரல் 16

மதுரையிலிருந்து ஒரு கம்பெனி ஆள் வந்தார். மடிக்கணினியைத் திறந்து வைத்து மணிக்கணக்கில் பேசினார். கேட்கக் கேட்க எனக்குத் தலை சுற்றியது. கிரயம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை என்று நான் பேசும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், பாவம்.

எனக்குப் புரிந்த வரையில் மூன்று வகை. ஆன்கிரிட் என்பது கூட்டுக்குடித்தனம். பகலில் மாடித் தகடு தரும் மின்சாரத்தை நாம் எடுத்துக்கொண்டு, மிஞ்சியதை மின்வாரியத்துக்குக் கொடுத்துவிட வேண்டும், பில்லில் கழித்துக்கொள்வார்கள். ஆஃப்கிரிட் தனிக்குடித்தனம். மின்வாரியத்தோடு பேச்சுவார்த்தையே கிடையாது, எல்லாம் பேட்டரிதான். ஹைப்ரிட் என்பது தனியாகப் போய்விட்டு மாமியார் வீட்டிலும் சாப்பிடுகிற ரகம். பேட்டரியும் உண்டு, மின்வாரியமும் உண்டு. விலையும் அதற்கேற்றபடி.

பில் குறைய வேண்டுமென்றால் ஆன்கிரிட்தான் சரி, மானியமும் கிடைக்கும் என்றார் கம்பெனி ஆள். இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கரண்ட் போனா இது வேலை செய்யுமா?"

"ஆன்கிரிட் செய்யாது சார்."

"பகல்ல போனா?"

"பகல்னாலும் செய்யாது சார்."

"வெயில் அடிக்குதுல்ல?"

"அடிச்சாலும் நின்னுரும் சார். நம்ம தகட்டு கரண்ட் லைன்ல போச்சுன்னா, கம்பத்துல ஏறி வேலை பாக்குறவருக்கு ஷாக் அடிச்சிரும்ல? அதான் லைன்ல கரண்ட் இல்லேன்னா தானாவே நிக்கிற மாதிரி வெச்சிருக்காங்க."

வெயில் இருக்கும், தகடு இருக்கும், மின்சாரம் மட்டும் இருக்காது. நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று இவர் எழுந்துவிட்டார். அந்த ஆளுக்குக் காபிகூடக் கொடுக்கவில்லை.

அவர் போன பிறகு கேட்டேன். "பில்லுக்காகத்தான போடுறோம்? அதுக்கு அதுதான நல்லதுங்கிறாரு? மானியம் வேற இருக்கு."

"பாப்போம்."

"என்னத்தப் பாக்கிறது?"

"பாப்போம்னா பாப்போம்" என்று கடைக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 20

நடுப்பகலில் கரண்ட் போனது. கொஞ்ச நேரம்தான், இன்வெர்ட்டர் தாங்கியது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கமலவேணியின் குரல் கேட்டது.

"அக்கா, உங்க வீட்லயும் போச்சா?"

"போச்சு. உனக்கென்ன, மாடி நிறைய தகடு வெச்சிருக்கியே?"

"அதான்க்கா எனக்கும் விளங்க மாட்டேங்குது! தகடு தொட்டா சுடுது. ஃபேன் சுத்த மாட்டேங்குது. ஏமாத்திட்டானா என்னன்னு தெரியல. ஆனா பில்லு மட்டும் வர மாட்டேங்குது."

கம்பத்தில் ஏறுகிறவர் கதையை அவளுக்குச் சொன்னேன். பாதியிலேயே எனக்கு மூச்சு முட்டியது. ஜன்னலில் நின்று கத்திப் பேசினால் யாருக்கும் முட்டும். "நீங்க உள்ள போங்கக்கா, போங்க" என்று அவள் அவசரமாகச் சொன்னாள். கதையைக் கடைசி வரை கேட்கவில்லை.

ஏப்ரல் 23

எங்கே தகடு வரப்போகிறது என்று பார்க்க நினைத்தேன். குழாயைக் கழற்றி வைத்துவிட்டு மாடிப்படி ஏறினேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் அதிகம். படிக்கட்டு வீட்டுக்குள்தான் இருக்கிறது, இருந்தாலும் இந்த வருஷம் வெயில் அதிகம்.

ஏப்ரல் 27

இன்று வந்தவர் பெயர் இம்மானுவேல், சாத்தூர்க்காரர். தம்பி வயதுதான். ஜவுளிக்கடைப் பை ஒன்றில் டேப்பும் திசைகாட்டியும் கொண்டு வந்திருந்தார். மாடிக்குப் போவார் என்று பார்த்தால் நேராக என் அறைக்கு வந்தார். "ஒரு நிமிஷம்க்கா" என்று குனிந்து, ஆக்சிஜன் மெஷினின் பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டை செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். இவர் வாசலில் நின்று என்னைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எதுக்குத் தம்பி எடுக்கீங்க?"

"எத்தனை வாட்ஸ்னு பாக்கணும்லக்கா. இது ஓடுற கணக்குக்குத்தான பேட்டரி."

"இது அடுத்த மாசம் போயிரும். ஃபிரிட்ஜுக்குக் கணக்குப் போடுங்க."

இம்மானுவேல் இவரைப் பார்த்தார். இவர், "எல்லாத்துக்கும் சேர்த்துப் போட்டுக்கட்டும், கூடுதலா இருந்தா என்ன கெட்டுப்போச்சு" என்றார்.

பிறகு மாடிக்குப் போனார்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் மத்தியானத்துக்கு மேல் தகட்டில் விழுமாம், தொட்டியை வடக்கு மூலைக்கு நகர்த்த வேண்டுமாம். தகடு தெற்கு பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். நான்கெல்லை எழுதுவதுபோல வடக்கே இது, தெற்கே இது என்று கீழே வந்து எனக்கு விளக்கினார் இம்மானுவேல். அதுமட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது.

ஹைப்ரிட்தான் என்று இவர் முடிவு செய்துவிட்டார், சண்டை பேட்டரியில் வந்தது. இரண்டு வகை இருக்கிறது. ஒன்று தண்ணீர் ஊற்றுகிற பேட்டரி, மூன்று வருஷம் போல வரும். இன்னொன்று லித்தியம். பத்து வருஷம் வருமாம், ஆனால் விலையைக் கேட்டு எனக்குத் திக்கென்றது.

"மூணு வருஷம் வர்றதே போதும்" என்றேன். "அப்புறம் தேவைப்பட்டா மாத்திக்கிறது. மூணு வருஷத்துக்குப் பிறகு என்னவோ ஏதோ, யாரு கண்டா?"

இவர் கத்தினார். "போதும்னு நீ சொல்லாத! உன்னைய யாரு கேட்டா?"

முப்பது வருஷத்துக்கு நெருங்கிய குடித்தனத்தில் வெளியாள் முன்னால் இவர் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. இம்மானுவேல் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இவரும் பின்னாலேயே போனார். வாசலில் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. விலை அதிகம் என்று சொன்னால் சந்தோஷப்படுகிறவராயிற்றே இவர்.

ஏப்ரல் 28

இவர் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மே 2

பத்திரத்தில் ஓர் எல்லை இடித்தால் முழு வரைவையும் திரும்பப் படிப்பேன். அதுபோல இந்த விஷயத்தையும் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். பில்லுக்காகச் சோலார் என்கிறார். பில்லைக் குறைக்கிற வகை வேண்டாம் என்கிறார். மெஷின் இந்த மாதத்தோடு போய்விடும் என்கிறார். மெஷினுக்காகப் பேட்டரி வாங்குகிறார். அதிலும் பத்து வருஷம் வருகிற பேட்டரி.

வினோதாவைக் கூப்பிட்டேன். "ஏன்டி, உங்கப்பாவுக்கு ஏதாவது ஆயிருச்சா? கணக்கே உதைக்குதே" என்று வரிசையாகச் சொன்னேன். "அம்மா, மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள். இன்று ஞாயிற்றுக்கிழமை.

மே 3

காலையில் எழுந்ததும் இவரிடம் ஃபேன் தூசியைத் துடைக்கச் சொன்னேன். ஊறுகாய்க்கு மாங்காய் வந்திருக்கிறது, நறுக்க ஆள் இல்லை. கமலவேணி வந்து நறுக்கிக் கொடுத்தாள். சோலார் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கும் பேச விருப்பமில்லை.

மே 11

இன்று மறுபடியும் கோவில்பட்டியில் நாள் முழுக்க கரண்ட் இல்லை. சரியாக இன்றைக்கே மதுரையில் செக்கப் வைத்திருந்தார் இவர். வாடகைக் காரில், சிலிண்டரை மடியில் வைக்காத குறையாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனோம்.

டாக்டர் புதுப் படத்தையும் பழைய படத்தையும் வெளிச்சத்தில் பார்த்தார். "அப்படியேதான் இருக்கு, மருந்தைத் தொடருங்க" என்றார். நான் இவரிடம், "மருந்துக் கடையில கூட்டம் சேர்ந்துரும், நீங்க போய் வரிசையில நில்லுங்க, நான் மெதுவா வாரேன்" என்றேன். இவர் போனார்.

டாக்டரிடம் கேட்டேன். சொன்னார்.

வரும் வழியில் விருதுநகரில் புரோட்டா சாப்பிட்டோம். நான் இரண்டு சாப்பிட்டேன். இவர் ஒன்றைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுவிட்டுக் கை கழுவினார்.

மே 12

எழுத ஒன்றுமில்லை.

மே 19

மாடியில் வேலை ஆரம்பித்துவிட்டார்கள். சுவரில் துளை போடும் சத்தம் மெஷினின் உறுமலை அமுக்கிவிடுகிறது. தொட்டி வடக்கு மூலைக்குப் போய்விட்டது. அது போன சந்தோஷத்தில் குழாய் உடைந்து மாடி முழுக்கத் தண்ணீர்.

தகட்டுக்கு இரும்புக் கால் எவ்வளவு உயரம் என்று கேட்க இம்மானுவேல் கீழே வந்தார். தாழ்வாக இருந்தால் ஆடிக்காற்றுக்கு நல்லது, உயரமாக இருந்தால் அடியில் துணி காயப் போடலாம்.

"நீங்க சொல்லுங்கக்கா" என்றார்.

"ரெண்டுக்கும் நடுவுல வைங்க."

"நடுவுல வெச்சா காத்துக்கும் ஆகாது, துணிக்கும் ஆகாதுக்கா."

"அப்ப துணிக்கே வைங்க" என்றேன். "காத்தை நீங்க பாத்துக்கோங்க." அவர் சிரித்துக்கொண்டே போனார். பேட்டரி பற்றி நான் இப்போது எதுவும் சொல்வதில்லை. இவருக்கு அது நிம்மதியாக இருக்கிறதா, பயமாக இருக்கிறதா என்று தெரியவில்லை. அடிக்கடி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார். என்னவென்று கேட்டால் "சும்மா" என்கிறார்.

மே 23

பேட்டரி வந்துவிட்டது. ஹாலில் சுவரோடு மாட்டியிருக்கிறார்கள். பெரிய சூட்கேஸ் மாதிரி இருக்கிறது. இதற்கா அவ்வளவு விலை?

இனி வீட்டில் இரண்டு லைன். பேட்டரியோடு சேர்ந்த லைன் கரண்ட் போனாலும் ஓடும். பழைய லைன் கரண்ட் போனால் நின்றுவிடும். ஏசி, வாஷிங் மெஷின், மோட்டார் பழைய லைனில். என் அறை, ஃபிரிட்ஜ், ஹால் ஃபேன் புது லைனில். வயர் மாற்றுகிற வரை மெயினை அணைத்திருந்ததால் நான் சிலிண்டரில் இருந்தேன். முடித்ததும் இம்மானுவேல், "மெயினைப் போடாமயே காட்டுறேன் பாருங்கக்கா" என்றார். என் தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. அடுப்படியில் ஃபிரிட்ஜ் உறுமியது. இவர் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். வேலையாட்களும் தட்டினார்கள். நானும்தான்.

மே 26

சோலார் இப்போது எவ்வளவு தருகிறது, பேட்டரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்றெல்லாம் செல்போனில் தெரிகிறது. இவர் கடையில் உட்கார்ந்துகொண்டு அதையே பார்க்கிறாராம். மத்தியானம் போன் செய்து, "இப்ப நல்லா ஏறுது ஜெயா, நூறுக்கு வந்துருச்சு" என்றார். பின்னால் யாரோ "சார், கண்ணாடி ரெடியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மயில் வந்து தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று கமலவேணி சொன்னதும், இவர் கடையை விட்டுவிட்டு அதை விரட்ட வந்தார்.

மே 31

மூன்று மாதம் முடிந்துவிட்டது. காலையிலிருந்து இவர் என் அறைக்கு வருவதும் போவதுமாக இருந்தார். கடைசியில் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"மெஷினை இன்னும் கொஞ்ச நாள் வெச்சுக்கச் சொல்றாங்க. மழைக்காலம் வேற வருதுல்ல, அதான்."

"சரி" என்றேன்.

நான் ஏன் என்று கேட்பேன் என எதிர்பார்த்திருப்பார். பதில்கூடத் தயாராக வைத்திருப்பார். கேட்காததால் வாசலிலேயே சிறிது நேரம் குழம்பிப்போய் நின்றார். இந்த வீட்டில் நான் மட்டுமே குழம்பிக்கொண்டிருக்க வேண்டுமா என்ன?

ஜூன் 4

சோலார் வந்ததிலிருந்து கரண்ட் ஒரு நிமிஷம்கூடப் போகவில்லை. இவருக்கு அது ஒரு குறையாகவே இருக்கிறது.

ஜூன் 12

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இன்று பராமரிப்பு நாள். கரண்ட் ஒன்பது மணிக்கு நிற்கும் என்று போட்டிருந்தார்கள். "சாவியைக் கடைப் பையன்கிட்ட கொடுத்துட்டு ஒன்பதுக்குள்ள வந்துர்றேன். இன்னைக்கு நம்ம சோலார் ஓடுறதை நான் பாக்கணும்" என்று இவர் வண்டியில் போனார். இவர் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டார். கரண்ட் போனது.

கரண்ட் போனது என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், மெஷின் கத்தியது. கத்திவிட்டு உறுமலை நிறுத்தியது. ஆனால் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஃபேன் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, மெஷின் மட்டும் நின்றுவிட்டது என்றால் மெஷின் கெட்டுவிட்டது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. சுவிட்சை அணைத்துப் போட்டேன். மறுபடி கத்தியது. செல்போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. சிலிண்டர் மூலையில் நின்றது, அதைத் திறக்கிற சாவியை எங்கே வைத்திருக்கிறார் என்று இவருக்குத்தான் தெரியும்.

மூச்சு குறையக் குறைய யோசனையும் குறைகிறது. பெரிய மலையில் ஏறுவதுபோல இருந்தது, நானோ கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் கை தட்டிய நாள் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு ஃபேனைக் காட்டினார்கள், விளக்கைக் காட்டினார்கள். இந்த பிளக்கில் எதையும் மாட்டிப் பார்க்கவே இல்லை. நான் சிலிண்டரில் இருந்தேன். ஃபேனும் விளக்கும் புது லைனுக்குப் போய்விட்டன. பிளக் மட்டும் பழைய லைனிலேயே நின்றுவிட்டது.

அது சரியா தவறா என்று உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. அடுப்படியில் ஃபிரிட்ஜ் உறுமுவது கேட்டது. அந்தச் சத்தத்தை மட்டும் நம்பினேன். பிளக்கைப் பிடுங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு மெஷினைத் தள்ளினேன். அறை வாசலில் சக்கரம் சிக்கியது. அதன் மேலேயே சாய்ந்து நின்றேன். கண் இருட்டியது. கமலவேணியைக் கூப்பிட வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. முட்டுக்கொடுத்துத் தள்ளினேன், தாண்டியது. ஹாலைச் சுவரைப் பிடித்துக்கொண்டே கடந்தேன். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இதை மாட்டினேன். மெஷின் கத்தியது, பிறகு உறுமியது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்து மூக்கில் குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. "ஜெயா, பாத்தியா, ஃபேன் ஓடுது பாத்தியா!" என்று சிரித்துக்கொண்டே வந்தவரின் குரல் என் அறையில் மாறிவிட்டது. "ஜெயா? ஏ ஜெயக்கொடி!"

"இங்க இருக்கேன்."

அடுப்படி வாசலில் வந்து நின்றார். என்னையும் மெஷினையும் பார்த்தார்.

"ரூம் பிளக்கை பழைய லைன்லயே விட்டுட்டாங்க போல" என்றேன். "ஃபிரிட்ஜைக் கழட்டிட்டேன். மாவு புளிச்சிரும்."

இவர் சுவரில் சரிந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அழுகைதான் வந்தது. என் மாமனார் இறந்தபோதுகூட எல்லோருக்கும் பந்தல் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர். இப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"ஒரு பிளக்கைப் பாக்காம விட்டுட்டேனே ஜெயா. இதுக்காகத்தான எல்லாம். இதுக்காகத்தான..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மெஷின் போகாதுன்னு தெரியும். மதுரையில உங்களை மருந்து வாங்க அனுப்பிட்டு டாக்டர்கிட்ட கேட்டேன்."

இவர் அழுகையை நிறுத்தினார். "என்ன சொன்னாரு?"

"உங்ககிட்ட என்ன சொன்னாரு? நீங்க முதல்ல சொல்லுங்க. மாசிலருந்து நீங்கதான மனசுல வெச்சிருக்கீங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். டாக்டர் என்னிடம் சொன்னதும் அதுவேதான். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அதை இங்கே எழுதப் போவதில்லை.

"அப்ப எதுக்குங்க பத்து வருஷ பேட்டரி?"

"இம்மானுவேல் ரெண்டையும் காட்டுனான்ல. நீ பட்டுனு மூணு வருஷத்ததே போதும்னுட்ட. அதை வாங்கிட்டு வந்து ஹால்ல வெச்சேன்னா, தினமும் அதைப் பாத்துக்கிட்டு நான் எப்படிச் சோறு திங்க?"

மாதக்கணக்கில் கணக்கு உதைக்கிறது, உதைக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். இவர் போட்டது கணக்கே இல்லை.

இம்மானுவேலுக்கு இவர் போன் செய்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "தம்பி, ஒரு பிளக்கு மாறிப்போச்சு, சாயங்காலத்துக்குள்ள வந்துருங்க" என்றார், அவ்வளவுதான். அந்தப் பக்கம் இம்மானுவேல் பதறுவது எனக்கே கேட்டது. பிறகு வினோதாவைக் கூப்பிட்டார். நான் போனை வாங்கி, "இனிமே அப்பாகிட்ட கேக்காத, எது வேணும்னாலும் எங்கிட்டயே கேளு" என்றேன். அவள் அழுதாள். "மீட்டிங் இல்லையா?" என்றேன். அழுகையோடு சிரித்தாள்.

என்னை அறைக்குத் திரும்பக் கூட்டிப் போக முடியாதே. ஆகவே பாயையும் தலையணையையும் அடுப்படிக்கே கொண்டு வந்து விரித்தார். நான் சொல்லச் சொல்ல ரசம் வைத்தார். புளி அதிகம். ஃபிரிட்ஜிலிருந்த பாலெல்லாம் காய்ச்சியாயிற்று. அங்கேயே தரையில் சாப்பிட்டோம். ஃபிரிட்ஜுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வந்ததை ஒரு பழைய துண்டால் அணை கட்டினார். இந்த டைரியையும் இவர்தான் எடுத்து வந்து கொடுத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

டாக்டர் சொன்னதைப் பற்றி மறுபடியும் பேசினோம். நடுவில் வினோதாவின் கல்யாணத்தில் காணாமல் போன தாம்பாளத்தைப் பற்றியும் பேசினோம். எதிலிருந்து எதற்குப் போனோம் என்று தெரியவில்லை. என் குழப்பம் தீர்ந்ததா என்றால், அதுவும் தெரியவில்லை. வேறு குழப்பம் வந்திருக்கிறது. இது இரண்டு பேருக்கும் சேர்த்து வந்திருக்கிறது.

சாயங்காலம் வெயில் இறங்கும்போது கமலவேணி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள். "அக்கா, கரண்ட் வந்து எவ்வளவு நேரமாச்சு! உங்க வீட்ல மோட்டார் போடலையா?"

எங்களுக்குத் தெரியவே இல்லை. மெஷின் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"போய் மோட்டாரைப் போடுங்க" என்றேன்.

"போடலாம், இரு" என்றார். எழுந்திருக்கவில்லை.